வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு

நம்பிக்கை: "யார் வம்புக்கும் போகாதே, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார்" என்று பிள்ளையிடம் சொல்லிப் பள்ளிக்கு அனுப்பினால் போதும்.

உண்மை: பட்டப்பெயர் வைத்துச் சீண்டுகிறவனுக்குச் சிரிக்க நாலு பேர் வேண்டும். ஃபின்லாந்து உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கூட்டத்தைப் பிரித்துக் காட்டினார்: கூடச் சேர்கிறவர்கள், சிரித்து ஏற்றிவிடுகிறவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், அடிபடுகிறவன் பக்கம் வருபவர்கள். அந்நாட்டுப் பள்ளிகளின் 'கிவா' என்ற சீண்டல் தடுப்புத் திட்டம் குறிவைப்பது, சீண்டுகிறவனைவிட இந்தக் கூட்டத்தைத்தான்.

நம்பிக்கை: சின்னப் பிள்ளைகள் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்?

உண்மை: கேட்கிறார்கள். டொராண்டோ பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. அதில், 88 சதவீதச் சீண்டல் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். தலையிட்டது 19 சதவீதத்தில்தான். ஆனால் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றது.

நம்பிக்கை: தைரியம் இருந்தால் எதிர்த்து நிற்கணும்.

உண்மை: வேண்டாம், சினிமாவோடு போகட்டும். வேன் பின்சீட்டில் ஒருவனுடைய டிபன் பாக்ஸைப் பிடுங்கிக் கைமாற்றி விளையாடுகிறார்கள் என்று வையுங்கள். உங்கள் பிள்ளை தன் கைக்கு வரும்போது அதை அவனிடமே கொடுத்துவிடலாம். "டேய், இங்க வந்து உட்காரு" என்று பக்கத்தில் இடம் விடலாம். மைதானமென்றால் "பி.டி. சார் கூப்பிடுறாரு" என்று கிளப்பிக்கொண்டு போகலாம் (இந்தப் பொய்யை மன்னிக்கலாம்). அதுவும் முடியவில்லையா, சிரிக்காமல் இருக்கட்டும், வீடியோ எடுக்காமல் இருக்கட்டும். சாயங்காலம் அவனோடு சேர்ந்து நடக்கட்டும். இவற்றை வீட்டில் நடித்துப் பழக்குங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் வார்த்தை வராது. கை ஓங்கும் இடமென்றால் மட்டும் கிட்டே போகாமல் நேரே பெரியவரிடம் ஓடச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: டீச்சரிடம் சொல்வது போட்டுக்கொடுக்கிற வேலை.

உண்மை: ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள். அடிபடுகிறவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வது உதவி. பிள்ளைகளுக்கு இது எளிதில் புரிகிறது, சிக்கல் நம்மிடம். "இவன்தான் வந்து சொன்னான்" என்று வகுப்பின் நடுவில் ஆசிரியர் கை காட்டினால், அந்த வகுப்பில் யாரும் இனி வாய் திறக்கமாட்டார்கள். சொன்னவன் பெயர் வெளியே வராது என்ற உறுதியைப் பெற்றோரே பள்ளியில் கேட்டு வாங்குங்கள். பள்ளி காது கொடுக்காவிட்டால், தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.