அமெரிக்கப் பேச்சுக்குப் புதியவர்களே

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் இங்கிலீஷ் இலக்கணத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. கல்லாவில் நிற்பவர் சட்டென்று ஒன்று சொல்லும்போதுதான் தடுமாறுகிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் காது, அப்புறம் வாய். ஒரு கொச்சைச் சொல்லை யார், யாரிடம், எந்த முகத்தோடு சொல்கிறார்கள் என்று நாலு தடவை கவனித்துவிட்டுப் பிறகு எடுத்துப் பேசுங்கள்.

2. ‘வாட்ஸ் அப்?’ என்று கேட்பவர் விவரமான பதிலை எதிர்பார்ப்பதில்லை. நம் ஊர் ‘என்ன, சாப்பிட்டாச்சா?’ மாதிரிதான். ‘நாட் மச், யூ?’ என்றால் போதும்.

3. ‘ஐம் குட்’டில் பலரும் சிக்குகிறார்கள். டைனர் ஓட்டலில் காபி ஜாடியோடு வந்து, இன்னும் ஊற்றட்டுமா என்று கேட்பார்கள். ‘ஐம் குட்’ என்றால் ஊற்றமாட்டார்கள். போதும், வேண்டாம் என்று அர்த்தம். சினிமாவுக்குப் போகலாமா என்றதற்கு நண்பர் ‘ஐம் டவுன்’ என்றால் அவர் சோர்ந்துபோகவில்லை, நானும் வருகிறேன் என்கிறார். ‘ஐம் அப் ஃபார் இட்’ என்றாலும் அதேதான். ‘ஃபீலிங் டவுன்’ என்று வந்தால் மட்டும் நிஜமாகவே மனசு சரியில்லை. கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள்.

4. பேஸ்பால் தெரியாவிட்டால் ஆபீஸ் பேச்சில் நிறைய நழுவிவிடும். மழையால் ஆட்டம் நின்றால், டிக்கெட் துண்டைக் காட்டி வேறொரு நாள் வந்து பார்க்கலாம் என்ற வழக்கம் 1880களில் வந்தது. அந்தத் துண்டுதான் ‘ரெயின் செக்’. இன்று சாப்பிடக் கூப்பிட்டவரிடம் ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’ என்றால், இப்போது முடியவில்லை, இன்னொரு நாள் கட்டாயம் வருகிறேன் என்று பொருள். எதிராளி மனம் நோகாமல் மறுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. போகும் எண்ணமே இல்லாத இடத்தில் சொல்லாதீர்கள். அதே ஆட்டத்திலிருந்து வந்த ‘பால்பார்க்’ என்றால் உத்தேசக் கணக்கு. ‘டச் பேஸ்’ ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. ஆட்டம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச்சாவது பாருங்கள்.

5. பழைய புத்தகத்துப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். கொச்சைக்கு ஆயுசு கம்மி. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகை, ‘ஆல் கரெக்ட்’டை வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டிச் சுருக்கி ‘ஓ.கே.’ என்று அச்சிட்டது. அந்தக் காலத்தில் இந்த மாதிரி வேடிக்கைச் சுருக்கங்கள் எத்தனையோ புழங்கி மறைந்தன. 1840 ஜனாதிபதி தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள், அவர் பிறந்த ஊரை வைத்து ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்று முழங்கினார்கள். அதன் முதலெழுத்துகளும் அவையே, ஓ.கே. பிழைத்துக்கொண்டது.

6. ‘கூல்’ கறுப்பின ஜாஸ் கலைஞர்களிடமிருந்து பரவியது. அமெரிக்கக் கொச்சையில் நிறைய கறுப்பினத்தவர் கொடுத்த கொடை. ஆனால் அவர்களை இழிவுபடுத்த வெள்ளையர் பயன்படுத்திய ஒரு சொல் உண்டு. கறுப்பினத்தவரில் சிலர் தங்களுக்குள் அதைச் சொல்லிக்கொள்வார்கள். ராப் பாட்டோடு சேர்ந்து பாடும்போதுகூட அது உங்கள் வாயில் வரக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

7. ஊருக்கு ஊர் மாறும். டெக்சஸில் உங்களை எல்லாம் ‘யால்’ என்பார்கள். பாஸ்டனில் ‘விக்கட்’ என்றால் ரொம்ப.

8. ஆஸ்பத்திரியில் மட்டும் புரியாமல் தலையாட்டவே ஆட்டாதீர்கள். ‘ஷாட்’ என்றால் ஊசி, ‘த்ரோ அப்’ வாந்தி, ‘நம்பர் டூ’ மலம் கழிப்பது. சந்தேகம் வந்தால் ‘வாட் டஸ் தட் மீன்?’ என்று அங்கேயே கேளுங்கள். மத்திய அரசின் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்து தர வேண்டும் என்பது சட்டம். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.