வளைகுடாவில் போடும் உடம்பு



வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவரைப் பார்த்ததும் நம் தெருவில் முதல் பேச்சு அவருடைய உடம்பைப் பற்றித்தான். கன்னம் உப்பி, சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றால், “மாஷா அல்லாஹ், நல்லா உடம்பு போட்டிருக்கீங்களே” என்பார்கள். அதே ஆள் ஐந்து கிலோ குறைந்து வந்தால் தாயார் முகம் வாடிவிடும். “அங்கே சாப்பாடு சரியில்லையா, சம்பளம் ஒழுங்காக வருதா” என்று மாமியார் வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். உடம்பின் சுற்றளவை வைத்து வருமானத்தை அளக்கிறோம். இதற்குப் பயந்தே, எடை குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை வீட்டில் சொல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் படிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். டயாலிசிஸ், இதயத்தில் ஸ்டென்ட், ஆறாத கால் புண் என்று வரும் மனுக்களில் “பல வருடம் சவூதியில் வேலை பார்த்தவர்” என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. வயதைப் பார்த்தால் நாற்பது, நாற்பத்தைந்து. சம்பாதித்ததில் வீடு கட்டியாயிற்று, தங்கைக்குக் கல்யாணம் முடித்தாயிற்று. சிகிச்சைக்கு மட்டும் கையில் காசு இல்லை.

அங்கே அன்றாடம் எப்படிப் போகிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. நம் ஊர் லாரித் தொழில் ஊர். அதனால் இங்கிருந்து போகிறவர்களில் டிரெய்லர் ஓட்டுகிறவர்களும், வெல்டிங், மெக்கானிக் வேலைக்காரர்களும் உண்டு. டிரெய்லர் ஓட்டுநர் பத்து மணி நேரம் சீட்டை விட்டு இறங்குவதில்லை. தூக்கம் வராமல் இருக்க டீ, பெப்சி, எனர்ஜி டிரிங்க். பசித்தால் பெட்ரோல் பங்க் ஓரம் ஷவர்மா, இல்லாவிட்டால் குப்பூஸும் கோழிக் குழம்பும். கடையிலும் கம்பெனியிலும் இருப்பவர்களுக்குக் காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் மெஸ் சோறு. இரவு ரூமுக்கு வந்து, முறைக்காரர் சமைத்து முடித்து, எல்லோரும் சஹனைச் சுற்றி உட்காரும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடும். அன்றைய முழுப் பசிக்கும் அப்போதுதான் ஈடு கட்டுகிறார்கள். சாப்பிட்ட கையோடு கட்டிலில் படுத்து, ஊருக்கு வீடியோ கால் பேசியபடியே தூங்கிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை என்றால் மந்தி அல்லது பிரியாணி. குடும்பத்தை விட்டு எட்டுப் பேரோடு ஓர் அறையில் கிடப்பவருக்கு அந்த வாரத்தில் கிடைக்கும் ஒரே சந்தோஷமும் அதுதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

குப்பூஸ் ஒன்றும் விஷம் இல்லை. மைதா ரொட்டிதான், எண்ணெய் ஊற்றி அடித்த நம் ஊர் பரோட்டாவை விட எவ்வளவோ மேல். கெடுதல் பெரும்பாலும் கிளாஸில் இருக்கிறது. 330 மில்லி கோலா கேன் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு ஒன்பது டீஸ்பூன். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நாட்டு அரசுகளுக்கே இந்தக் கவலை வந்து, 2017இல் சவூதியும் அமீரகமும் சோடா பானங்களுக்கு 50 சதவீதமும் எனர்ஜி டிரிங்குகளுக்கு 100 சதவீதமும் தனி வரி போட்டன. அதே பகாலாவில், அதே ஃபிரிட்ஜில் லபன் பாட்டில் இருக்கிறது. நம் மோர்தான் அது, சர்க்கரை சேர்க்காதது. வெயிலுக்கும் அதுதான் ஏற்றது. வெயில் கொடுமைக்காக ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை சவூதியில் மதியம் 12 முதல் 3 வரையிலும், அமீரகத்தில் 12.30 முதல் 3 வரையிலும் திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. மற்ற நேரத்தில் வெயிலில் நிற்பவர் தண்ணீருக்குப் பதிலாகக் கோலா குடித்தால், உடம்பில் நீர் வற்றுவதும் சர்க்கரை ஏறுவதும் சேர்ந்து சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

“நான் ஒன்றும் குண்டு இல்லையே” என்பவர்களும் கவனிக்க வேண்டும். நம் இந்திய உடல்வாகில் கை கால் ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றில் போய்ச் சேரும். அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கை நமக்கு நம் மருத்துவர்கள் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் எச்சரிக்கை. தையல்காரரின் டேப் போதும். பேண்ட் சைஸைப் பார்த்து ஏமாற வேண்டாம், நாம் தொப்பைக்குக் கீழே அல்லவா பேண்ட் போடுகிறோம்! தொப்புள் மட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

மார்க்கத்தில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். வயிற்றில் உணவுக்கு மூன்றில் ஒரு பங்குதான் என்ற திர்மிதீ ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். பயானில் கேட்டுவிட்டு வலீமாவில் மறந்துவிடுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சம்பவம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது உள்ள ஹக்கை நினைவூட்டினார்கள். புகாரியில் இது வருகிறது. இபாதத்துக்காகக்கூட உடம்பின் ஹக்கைப் பறிக்க அனுமதி கிடைக்கவில்லை. ஓவர்டைமுக்காகவும் தூக்கத்தை விற்று அனுப்பும் கூடுதல் ஆயிரம் ரூபாய்க்காகவும் பறிக்கலாமா? அந்தப் பணத்தைக் கேட்கும் நாமும் இந்தக் கேள்விக்குள் வருகிறோம்.

லீவு நாட்களில் நடப்பதையும் சொல்ல வேண்டும். வந்தவருக்கு நாற்பது நாள் இருந்தால் முப்பது வீட்டில் விருந்து. நெய்ச்சோறு, தால்ச்சா, பிரியாணி, மேலே ஒரு இனிப்பு. ‘வேண்டாம்’ என்றால் கோபம். இந்த உபசாரத்தில் பாதியையாவது குறைத்து, விருந்தாளி போதும் என்று சொன்னதும் கையை எடுத்துவிடுவோம். அவர் பெட்டியில் டேங்க் பவுடர் கொண்டு வருவதும் அப்படியே. அதுவும் சர்க்கரைதான், அதை ஆசையாகக் குடிப்பவர்கள் இங்குள்ள நம் பிள்ளைகள்.

நாமக்கல் முட்டை ஓமன், கத்தார், அமீரகம் வரை ஏற்றுமதியாகிறது. நம் ஆட்களோ அங்கே காலையில் வெறும் டீயோடு வேலைக்குப் போகிறார்கள்! இரவே இரண்டு முட்டையை அவித்து வைத்துவிட்டால் காலைக்குப் பன்னிரண்டு கிராம் புரதம் ஆயிற்று. பதினொரு மணிப் பசியும் அடங்கும். இரவுச் சாப்பாட்டை இஷாவுக்கு முன் முடிக்க ரூமில் எல்லோரும் சேர்ந்து பேசினால்தான் நடக்கும், தனி ஆளால் முடியாது. முடிந்தால் இஷாவுக்குப் பள்ளிக்கு நடந்து போய் வரட்டும். வாரத்துக்கு 150 நிமிட நடையை உலக சுகாதார நிறுவனம் கேட்கிறது. தினம் அரை மணி நேரம், ஐந்து நாள்.

லீவில் வருபவர்கள் முதல் வாரமே, விருந்து தொடங்குவதற்குள், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.பி.ஏ.1சி என்று கேளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும், முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. 5.7க்குக் கீழ் இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். 5.7 முதல் 6.4 வரை என்றால் வாசலில் நிற்கிறது, சாப்பாட்டாலும் நடையாலும் திருப்பி அனுப்பலாம். 6.5 தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். புதிய விசாவுக்கு மெடிக்கல் எடுக்கும்போது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் பி.பி.யும் ‘அன்ஃபிட்’ ஆக்கிவிடக்கூடும். ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. நமது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை, பி.பி. இலவசமாகப் பார்க்கிறார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குக் கட்டாயமான ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’வில் 10 லட்சம் என்பது விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தர ஊனமானால் கிடைப்பது. ரூமில் தூக்கத்தில் நெஞ்சு அடைத்துப் போனால் அது விபத்துக் கணக்கில் வராது. மாத்திரை எடுத்துச் செல்பவர்கள் அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டில் மருந்தின் மூலப்பெயரை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு பலருடைய பர்ஸில் சும்மா கிடக்கிறது. இன்று இரவு கால் பேசும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.