மூன்றாவது அயோடின்

மனிதனின் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற சிறிய உறுப்பு ஒன்று அமைந்துள்ளது. அதுவே தைராய்டு சுரப்பி. உண்ட உணவும் உடலில் சேர்ந்துள்ள கொழுப்பும் எவ்வளவு விரைவில் எரிந்து வெப்பமாதல் வேண்டும் என்பதை அதில் ஊறும் ஹார்மோன் வரையறுக்கின்றது. அது குறையுமாயின் உடல் தடிக்கும், தோல் வறளும், சிறு குளிரும் தாங்காது, இரத்தத்தில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் பெருகும். அது மிகுமாயின் கொழுப்போடு தசையும் கரையும். இதயம் ஓய்வின்றித் துடிக்கும்.

1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, அமெரிக்காவில் எட்வர்டு கெண்டால் என்பவர் இந்த ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பின்னர் 33 கிராம் படிகம் பெறுவதற்கு அவருக்கு ஏறத்தாழ மூன்று டன் பன்றிச் சுரப்பிகள் தேவைப்பட்டன! அப்பொருளே தைராக்ஸின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன என்பதை இங்கிலாந்தில் சார்லஸ் ஹாரிங்டன் கண்டு, 1927இல் அதனைச் செயற்கையாகவும் ஆக்கிக் காட்டினார். இனிக் காண்பதற்கு ஒன்றுமில்லை என்றே பலரும் எண்ணினர். ஆயினும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. நோயாளிக்குத் தைராக்ஸினைக் கொடுத்தால் அதன் பயன் உடனே தோன்றுவதில்லை. நாட்கள் பல செல்கின்றன. அத்தாமதம் ஏன்?

விடை கண்டவர் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் என்னும் அம்மையார். 1907இல் இலண்டனில் பிறந்த அவர், அந்நகரின் பெட்ஃபோர்டு கல்லூரியில் இரசாயனம் பயின்று முதல் வகுப்பில் தேறினார். 1931இல் மணம் புரிந்தார். 1937இல் அம்மணம் முறிந்தது. ஒரு மகனுக்குத் தாயாகிய அவர் மீண்டும் ஆய்வுக்கூடம் புகுந்து, ஹாரிங்டனிடம் மாணவியாகச் சேர்ந்து, 1939இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1945இல் பெல்சன் சிறைமுகாம் விடுவிக்கப்பட்டபொழுது, பட்டினியால் எலும்புருவாகக் கிடந்த மக்களுக்கு ஊட்டம் அளிக்கும் வழியை ஆராயச் சென்ற குழுவிலும் அவர் இருந்தார். உணவும் உடலும் பற்றிய ஆராய்ச்சி அவருக்கு ஏட்டளவில் நின்றதன்று.

பின்னர்க் கனடா நாட்டினரான ஜாக் கிராஸ் என்னும் இளைஞர் அவருடன் பணிபுரிய இலண்டன் வந்தார். அவர் தம் நாட்டில் இருந்தபொழுதே ஒரு விந்தையைக் கண்டிருந்தார். கதிரியக்க அயோடினைப் பிராணிகளின் உடலிற் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து பெற்ற பொருள்களை வடிதாளில் ஊறிப் பரவச் செய்தபொழுது, தெரிந்த பொருள்கள் தத்தமக்குரிய இடங்களில் நின்றன. எதற்கும் உரியதல்லாத கறை ஒன்றும் அங்கே தோன்றிற்று. சோதனைப் பிழை என்று தள்ளிவிடத் தக்க சிறு கறைதான். இருவரும் அதைத் தள்ளவில்லை.

இரண்டு அயோடின் அணுக்களை உடைய ஒரு பொருளுடன் மூன்றாவது அயோடினைச் சேர்த்துப் புதுப்பொருள் ஒன்றை ஆக்கினர். வடிதாளில் இட்டபொழுது அக்கறை நின்ற இடத்திலேயே அதுவும் நின்றது! மனித இரத்தத்திலும் அப்பொருள் உண்டென 1952இல் வெளியிட்டனர். பாரிஸ் நகரில் ஜீன் ரோஷ் என்பவரின் குழுவினரும் அதே ஆண்டில் அதனைத் தனியே கண்டறிந்தனர். ட்ரை அயோடோ தைரோனின் என்று பெயர் பெற்ற அது, சோதனைகளில் தைராக்ஸினைவிடப் பன்மடங்கு ஆற்றலும் விரைவும் உடையதாய் விளங்கிற்று.

தைராக்ஸின் உடலில் ஓர் அயோடினை இழந்து இப்பொருளாக மாறிய பின்னரே வேலை செய்கின்றது என்று அவ்விருவரும் கருதினர். இக்கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. சான்று போதாதென்று பலர் ஐயுற்றனர். தைராய்டு சுரப்பியே இல்லாத நோயாளிகளுக்குத் தைராக்ஸின் மட்டும் கொடுக்க, அவர்களின் இரத்தத்திலும் ட்ரை அயோடோ தைரோனின் காணப்பட்டதாக 1970இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெய்ப்பித்த பிறகே அவ்வையம் தீர்ந்தது.

அம்மையார் பின்னர் அம்மூலக்கூறின் உறவுப் பொருள்களையும் ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று இரத்தக் கொலஸ்டிராலைக் குறைக்க வல்லதெனப் பின்னர்ப் பலரும் சோதித்தனர். காரணம் இக்காலத்தில் விளங்கியுள்ளது: இந்த ஹார்மோன் கல்லீரல் அணுக்களின் மேல், கொலஸ்டிரால் ஏந்திவரும் துகள்களைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகளைப் பெருக்குகின்றது. ஆனால் இதயத்தையும் அது தூண்டுமே! தைராக்ஸினின் ஆடிப் பிம்பம் போன்ற ஒரு மருந்தை இதய நோயாளிகளுக்குக் கொடுத்து அமெரிக்காவில் நடத்திய பெருஞ்சோதனையில், மருந்துண்டோரிடை இறப்பு மிகுந்தமையால், 1970களின் தொடக்கத்தில் அம்மருந்து நிறுத்தப்பட்டது. உடல் மெலிய விரும்பித் தைராய்டு மாத்திரையைத் தாமாகவே உட்கொள்வோர் எத்தகைய நெருப்புடன் விளையாடுகின்றனர் என்பதை இதனால் உணரலாம்.

இதயத்தைத் தீண்டாது கல்லீரலில் மட்டும் இந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும் பொருளைத் தேடும் முயற்சி அதன் பின்னும் தொடர்ந்தது. பெரும்பாலும் கல்லீரலிலேயே செயற்படும் ரெஸ்மெடிரோம் என்னும் மருந்து, கொழுப்புப் படிந்து வீங்கித் தழும்பேறும் கல்லீரல் நோய்க்கென 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதைக் காணப் பிட்-ரிவர்ஸ் அம்மையார் இல்லை. அவர் 1990இல் காலமானார்.