கூரைக்குள் மரநாய்: ஓட்டையை எப்போது அடைப்பது?

'மூசாங் கிங்' டுரியானை அறியாதவர் நம்மில் குறைவு. கிளந்தான் மாநிலத்திலுள்ள குவா மூசாங் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. 'மூசாங்' என்பது மலாய் மொழியில் ஒரு விலங்கைக் குறிக்கும். தமிழில் அதை மரநாய் என்கிறோம். பெயரில் நாய் இருந்தாலும் அது நாயினம் அன்று. புனுகுப்பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

சிங்கப்பூரின் சிக்லாப் வட்டாரத் தரைவீடுகளில் வசிப்போருக்கும், மலேசியத் தாமான்களில் வசிப்போருக்கும் இது புதிய விலங்கன்று. வீட்டின் உட்கூரைக்கும் ஓடுகளுக்கும் இடையிலுள்ள இருண்ட வெளியில் இது சில வேளைகளில் குடியேறிவிடும். இரவில் தலைக்கு மேல் 'தடதட' என்று ஓசை கேட்டதும், ஓட்டையைத் தேடி உடனே அடைத்துவிட வேண்டும் என்றுதான் பலர் நினைப்பார்கள். அந்த அவசரமே சிக்கலைப் பெரிதாக்கலாம். ஏன் என்று பார்ப்போம்.

கூரை ஏன் பிடிக்கிறது?

மரநாய் இரவில் நடமாடும் விலங்கு. அதன் எடை ஏறக்குறைய 2 முதல் 5 கிலோகிராம். பகலில் மரப்பொந்திலோ அடர்ந்த கிளைகளுக்கு இடையிலோ உறங்கும். முதிர்ந்த மரங்கள் குறைந்துவிட்ட நகரில், வீட்டுக் கூரையின் உட்புறம் அதற்கு ஒரு பெரிய மரப்பொந்துதான். அங்கே இருட்டு உண்டு, மழை படாது, தெருநாய்களுக்கும் எட்டாது.

பக்கத்திலேயே மா, ரம்புத்தான், சிக்கு மரங்கள் இருந்தால் உணவுக்கும் குறைவில்லை. கூரையை உரசும் கிளையும் மழைநீர்க் குழாயும் அதற்குப் படிக்கட்டுகள். ஆக, உறைவிடம், உணவு, வழி ஆகிய மூன்றும் சேர்ந்தே விலங்கை வரவழைக்கின்றன.

மேலே இருப்பது யார்?

ஓசை கேட்டாலே மரநாய் என்று முடிவு கட்டக்கூடாது. சான்றுகளைச் சேர்க்க வேண்டும்.

• எலி: இலேசான சுரண்டல், கொறிக்கும் ஓசை. எச்சம் சிறியது; காய்ந்தால் கடினமாகிவிடும்.
• பூச்சியுண்ணும் வௌவால்: அந்தி நேரத்தில் கீச்சொலி. எச்சம் எலியுடையதைப் போலத் தோன்றினாலும், அதில் பூச்சிகளின் ஓட்டுத்துண்டுகள் இருப்பதால் எளிதில் பொடியாக உதிரும்.
• மைனா: பகலில் ஓசை. ஓட்டின் இடுக்கில் வைக்கோல், காய்ந்த புல் தெரியும்.
• மரநாய்: இருட்டியதும் ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை கனமான காலடியோசை. நீண்ட எச்சத்தில் முழு விதைகள் காணப்படும்.

எச்சத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். பெருக்கித் தூசி கிளப்பவும் வேண்டாம். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். வௌவால் எச்சத்தில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடும்.

கூண்டும் அந்துருண்டையும் ஏன் உதவுவதில்லை?

ஒரு மரநாயைக் கூண்டில் பிடித்து வேறிடத்தில் விட்டால் அந்த வீடு காலியாகும். ஆனால் உறைவிடம், உணவு, வழி மூன்றும் அப்படியே இருக்கும். காலியான இடத்துக்கு இன்னொரு மரநாய் வரும். பிடிபட்டது தாயாக இருந்தால், கூரைக்குள் இருக்கும் குட்டிகள் பட்டினியால் இறக்கும். சிங்கப்பூரில் அனுமதியின்றி வனவிலங்கைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

சிலர் அந்துருண்டைகளை மேலே வீசுவார்கள். அதிலுள்ள நாப்தலீன் திண்மநிலையிலிருந்து நேரடியாக ஆவியாகும். இதையே பதங்கமாதல் என்று பாடத்தில் படிக்கிறோம். உருண்டை கரைந்து முடிந்ததும் வாடையும் போய்விடும். அதற்குள் அந்த ஆவி உட்கூரை இடுக்குகள் வழியே அறைக்குள்ளும் இறங்கும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி சிவப்பணுக்களைச் சிதைக்கும் ஆபத்தை உண்டாக்கும். விலங்கை விரட்டப் போய் வீட்டிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்துவிடக்கூடாது.

வரிசை மாறக்கூடாது

சரியான முறையில் மூன்று படிகள் உண்டு. அவற்றின் வரிசைதான் முக்கியம்.

முதற்படி, கண்டறிதல். நுழைவாயில் எது, உள்ளே குட்டிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மரநாய் ஓர் ஈற்றில் 2 முதல் 5 குட்டிகள் வரை ஈனும். குட்டிகள் இருக்கும்போது வாயிலை அடைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வெளியே மாட்டிக்கொண்ட தாய் ஓடுகளைப் பெயர்த்து உள்ளே நுழைய முயலும். அல்லது குட்டிகள் உள்ளேயே இறந்து, நாற்றமும் ஈக்களும் பெருகும். எனவே குட்டிகள் தாயின் பின்னே நடந்து வெளியேறும்வரை சில வாரங்கள் பொறுத்திருப்பதே நல்லது.

இரண்டாம் படி, வெளியேற்றம். வாயிலில் ஒருவழிக் கதவு பொருத்துவார்கள். மேலே கீல் வைத்த இந்தக் கதவு வெளிப்பக்கமாக மட்டுமே திறக்கும். உள்ளிருந்து தள்ளினால் வழிவிடும். வெளியிலிருந்து தள்ளினால் சட்டத்தில் முட்டி நின்றுவிடும். நம் இதயத்தின் வால்வுகளும் இரத்தத்தை இப்படித்தான் ஒரே திசையில் செல்லவிடுகின்றன.

மூன்றாம் படி, அடைப்பு. உள்ளே எதுவுமில்லை என்று உறுதியான பிறகே இதைச் செய்ய வேண்டும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் மரத்தையும் நுரையையும் அது கொறித்துவிடும். துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிவலையே ஏற்றது. ஓர் எச்சரிக்கை: காற்றுத் துளைகளைப் பலகையால் மூடினால் கூரைக்குள் ஈரம் தங்கும். அங்கும் வலையே பொருத்த வேண்டும்.

இத்துடன், கூரையை நோக்கி நீளும் கிளைகளைத் தாவ முடியாத தூரத்துக்கு வெட்டுவதும், பழுத்த பழங்களை உடனுக்குடன் பறிப்பதும், இரவில் பூனையின் உணவை வெளியே வைக்காதிருப்பதும் அவசியம்.

பகையா, அயலாரா?

மரநாய் எலிகளை உண்ணும். பழங்களைத் தின்று, விதைகளைச் சேதமின்றி வேறிடத்தில் இடும். மீன்வால் பனை போன்ற மரங்கள் பரவ இது துணைபுரிகிறது. எனவே நம் நோக்கம் அதை ஒழிப்பதன்று. அது மரத்தில் வாழட்டும். நம் கூரையில் வேண்டாம். அதை நம் பக்கம் இழுப்பவற்றை மாற்றினாலே போதும்.

செய்து பாருங்கள்

கூரை வாயில் இன்னும் பயன்பாட்டில் உள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பழைய நாளிதழைக் கசக்கி வாயிலில் தளர்வாகச் செருக வேண்டும். மழையில்லாத 3 இரவுகள் அது அசையாமல் இருந்தால், அந்த வழியாக எதுவும் போய்வரவில்லை எனலாம். உயரத்தில் ஏறும் வேலையைப் பெரியவர்களிடமோ தொழிலாளரிடமோ விட்டுவிடுங்கள். கீழிருந்து கவனித்துக் குறிப்பெடுப்பது உங்கள் பணி. உள்ளே விலங்கு இருப்பது உறுதியானால், சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தையும் மலேசியாவில் பெர்ஹிலித்தானையும் நாடலாம்.

சிந்தனைக்கு

1. நாளிதழ் சோதனையை ஒரே இரவில் முடித்தால் முடிவு நம்பத்தக்கதா? காரணம் கூறுக.
2. மூன்று இரவுகளும் தாள் அசையவில்லை. ஆனால் உள்ளிருந்து மெல்லிய முனகல் கேட்கிறது. என்ன நடந்திருக்கலாம்? அடுத்து என்ன செய்வீர்கள்?