பரணில் கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபையர்

கேள்வி: தாத்தாவின் வால்வு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் பரணிலிருந்து கிடைத்தது. நான்கு இஎல்-84, ஒரு இஇசட்-81 வால்வுகள் இருக்கின்றன. கரன்ட் கொடுக்கலாமா? சத்தத்தைக் கூட்ட முடியுமா?
– ஒரு வாசகர், திருக்கோகர்ணம்

பதில்: அவசரப்பட்டு பிளக்கைச் செருகாதீர்கள். வால்வுகள் நன்றாகவே இருக்கக்கூடும். ‘பெல்’ முத்திரை இருந்தால் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு, பத்திரம். கெட்டுப்போயிருப்பவை பெரும்பாலும் கெப்பாசிட்டர்கள்தான். பழைய எலெக்ட்ரோலைட்டிக்குகளை யோசிக்காமல் மாற்றுங்கள். இஎல்-84-இன் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கெப்பாசிட்டர் இன்னும் ஆபத்து. அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வுக்குள் பிளேட் செக்கச்செவேலென்று பழுக்கும். அடுத்து அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போகும். அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

முதல் முறை 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஏற்றுங்கள், எல்இடி உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டக் கூடாது. உள்ளே 300 வோல்ட் டி.சி. வரை இருக்கும், அணைத்த பிறகும் நிற்கும். பழகிய மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும்.

சத்தத்தைக் கூட்டும் ஆசையை விடுங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் நல்லது என்பார்கள். ஆனால் இஇசட்-81-ஐ ஒட்டிய முதல் கெப்பாசிட்டர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது. திறன்மிக்க ஸ்பீக்கர் வாங்குங்கள், பத்து வாட்டே வீடு நிறையும். 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம் உங்கள் ஊரில் இருக்கிறதே என்று அங்கே கொடுத்துவிடாதீர்கள், இது இன்னும் பாடும்!