மீண்டும் நம்மை நாமே நம்புவோம்

(இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசவும்.)



ஒரு குழுக் கூட்டத்தை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். உள்கடன் கேட்டவர்களிடம் ஊக்குநர் விசாரிக்கிறார். ஒரு சகோதரியின் முறை வருகிறது.

"ஆடு வாங்கக் கடன் வேணுமா, தையல் மெஷினுக்கு வேணுமா?"

அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். "எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. நீங்களே சொல்லுங்க, செய்யறேன்."

அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் பல வருஷம் ஒரு குருவின் கட்டுப்பாட்டில் இருந்து, சமீபத்தில்தான் வெளியே வந்திருக்கிறார். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று எல்லாம் அங்கே கேட்டுத்தான் செய்தார். இப்போது கேட்க ஆள் இல்லை. சந்தையில் காய் வாங்கக்கூடக் கை தயங்குகிறது.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் இதுபோன்ற சகோதரி நம் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். எந்த மதத்திலும் இது நடக்கும். சாமி கும்பிடுவது அவரவர் விருப்பம், அதில் தப்பே இல்லை. பக்தியின் பேரைச் சொல்லி ஒருவருடைய யோசனையையே பிடுங்கிக்கொள்வதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

நம்பிக்கை எப்படிப் பறிபோகிறது?

அங்கே எழுதப்படும் கணக்கைப் பாருங்கள். நல்லது நடந்தால் "குருவின் அருள்". கெட்டது நடந்தால் "உன் நம்பிக்கை போதவில்லை". லாபம் எல்லாம் அவர் பக்கம், நஷ்டம் எல்லாம் உங்கள் பக்கம். நம் குழுவில் இப்படி ஒரு கணக்கு எழுதினால் விடுவோமா? ஆனால் இதையே வருஷக்கணக்கில் கேட்டால், "நான் யோசித்தால் தப்பாகத்தான் போகும்" என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது.

அடுத்து, சந்தேகம் வந்தாலே பாவம் என்பார்கள். கேள்வி கேட்கிற அண்ணன், அத்தை, சிநேகிதி எல்லோரையும் ஒதுக்கச் சொல்வார்கள். கடைசியில் அந்தக் கூட்டத்தின் பேச்சு மட்டுமே காதில் விழும்.

"நான் ஏன் ஏமாந்தேன்?"

வெளியே வந்தவர்களைத் தூங்கவிடாத கேள்வி இது. 1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, இதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் சுற்றி இருந்தவர்கள் முன்பே பேசி வைத்துக்கொண்டு, ஒரே குரலில் தப்பான பதிலைச் சொன்னார்கள். விஷயம் தெரியாமல் வந்த மாணவர்களில் நான்கில் மூன்று பேர், ஒரு தடவையாவது அந்தத் தப்பான பதிலையே சொன்னார்கள்!

முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சில நிமிஷத்திலேயே இப்படி என்றால், சொந்த பந்தமும் பயமும் சேர்ந்த இடத்தில் பல வருஷம் இருந்தவர் நிலை என்ன? ஆகவே வெட்கப்பட வேண்டாம்.

அதே சோதனையில் இன்னொரு உண்மையும் தெரிந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், மற்றவரின் தப்பும் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த ஒருவராக நம் குழு இருக்க முடியும்.

வெளியே வந்ததே முதல் சாட்சி

புதுக்கோட்டை மாவட்டத்தில் பிரேமானந்தா ஆசிரம வழக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கே வளர்ந்த பெண்கள், தங்களுக்கு நடந்த கொடுமையை வெளியே வந்து சொன்னதால் 1994-ல் அது உலகத்துக்குத் தெரிந்தது. 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஆர்.பானுமதி ஒரு பெண். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 2005-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது.

ஊரே காலில் விழுந்த ஒருவரைப் பற்றி, "நடந்தது தப்பு" என்று தங்களுக்குத் தெரிந்ததை அந்தப் பெண்கள் நம்பினார்கள். நீங்களும் அப்படித்தான். "இங்கே ஏதோ சரியில்லை" என்று உள்ளே ஒரு குரல் சொன்னதால்தானே வெளியே வந்தீர்கள்? அது யார் குரல்? உங்கள் குரல்தான். அது சாகவில்லை.

சிறுகடன் போலத் தொடங்குங்கள்

புது உறுப்பினருக்கு எடுத்த எடுப்பில் பெரிய கடன் கொடுக்கிறோமா? முதலில் ஒரு சின்னத் தொகை. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் அடுத்த முறை கூட. உங்கள் மனசுக்கும் அப்படியே கொடுங்கள்.

1. தினம் ஒரு சின்ன முடிவை யாரையும் கேட்காமல் எடுங்கள். இன்றைக்கு என்ன குழம்பு, எந்தப் புடவை என்பதே போதும்.

2. ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன முடிவு, ஏன் எடுத்தேன், என்ன ஆச்சு. எழுத வராதவர் மகளைவிட்டு எழுதச் சொல்லலாம். ஒரு மாதம் கழித்துப் புரட்டுங்கள். சரியானவை எத்தனை என்று நீங்களே எண்ணுங்கள்.

3. தப்பானால் தண்டனை என்று பயப்படாதீர்கள். ஒரு தவணை தவறினால் குழுவை விட்டா விலக்குகிறோம்? காரணம் கேட்டு அடுத்த மாதம் சரிசெய்கிறோம். அதுபோலத்தான்.

4. வீடு, நிலம், நகை, மகள் கல்யாணம் போன்ற பெரிய முடிவுகளைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லப் பழகுங்கள். ஒருநாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

5. விட்டுப்போன உறவுகளில் ஒருவரை மட்டும் முதலில் போய்ப் பாருங்கள்.

பயம், தூக்கமின்மை நீடித்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். இது இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். யாராவது மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181.

குழுவுக்கு ஒரு வார்த்தை

அந்தச் சகோதரி "நீங்களே சொல்லுங்க" என்றாரே, அங்கேதான் நமக்குப் பரீட்சை. "ஆடே வாங்கிக்கோ" என்று சொல்வது சுலபம். சொன்னால் பழைய குருவின் இடத்தில் நாம் உட்கார்ந்துவிடுவோம். "நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆட்டு விலை, தீவனச் செலவு, தையல் கூலி போன்ற விவரங்களைச் சொல்லுங்கள். முடிவை அவரிடமே விடுங்கள். ஒரு கூட்டம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. பழைய கதையைக் கிளறிக் கேலி பேசாதீர்கள்.

பேசிப் பார்ப்போம்

• சென்ற மாதம் நீங்களாக எடுத்த ஒரு முடிவு எது?

• நம் குழுவில் ஒருவர் சொன்னால் மறுபேச்சே இல்லை என்ற நிலை இருக்கிறதா?

• தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் முன் "எனக்கு இது சம்மதமில்லை" என்று கடைசியாகச் சொன்னவர் யார்? அப்போது நாம் எப்படி நடந்துகொண்டோம்?

அடுத்த கூட்டத்தில் அந்தச் சகோதரி, "ஆடுதான்க்கா வேணும், ரெண்டு குட்டி" என்று மெல்லிய குரலில் சொல்லக்கூடும். அதை அவர் வாயால் சொன்னபடியே தீர்மான நோட்டில் எழுதுங்கள்.