மஞ்சள், சோப்பு, ஒரு குச்சி

பிப்ரவரி மாதம் வந்தால் பெங்களூரில் பல பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடக்கும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1987ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் இதைக் கொண்டாடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இது திருவிழா. பெற்றோருக்கோ கவலை.

"அம்மா, நாளன்னிக்கு மாடல் கொண்டு போகணும். மிஸ் சொன்னாங்க" என்று மகன் வந்து நிற்பான்.

"எனக்கு என்னடா தெரியும்? நான் என்ன படிச்சவளா? அப்பா வரட்டும், கேளு" என்பாள் தாய்.

அப்பா வருவார். கடைக்குப் போவார். தெர்மோகோல் எரிமலையோ, பல்பு எரியும் வீடோ வாங்கி வருவார். ஒரு நாள் கூலி அதிலேயே போய்விடும். கண்காட்சியில் ஆசிரியர் கேட்பார்: "தம்பி, இது எப்படி வேலை செய்யுது?" பிள்ளை திருதிரு என்று விழிப்பான். பாவம், அவன் என்ன செய்வான்? செய்தவர் கடைக்காரர் அல்லவா?

மாடல் வேறு, சோதனை வேறு. மாடல் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். சோதனைக்கு அழகு தேவையில்லை. அதற்கு ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்விக்கு விடையைக் கையால் செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 28ஆம் நாளுக்குப் பின்னாலும் ஒரு கேள்விதான் இருக்கிறது. சர் சி.வி. ராமன் 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 1921இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய் வந்தார். வழியில் மத்தியதரைக் கடலைப் பார்த்தார். கடல் ஏன் இவ்வளவு நீலமாக இருக்கிறது? வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்று அப்போது பெரிய அறிஞர்களே சொல்லி வந்தார்கள். ராமன் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சோதித்துப் பார்த்தார். தண்ணீரும் ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். அந்தக் கேள்வியை விடாமல் தொடர்ந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று 'ராமன் விளைவு' என்ற புதிய உண்மையைக் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. 1933இல் பெங்களூர் வந்து, இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். 1970இல் இந்த ஊரிலேயே காலமானார்.

சரி, வீட்டில் என்ன சோதனை செய்யலாம்?

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு கமலா ஆரஞ்சு போதும். ஒரு வாளித் தண்ணீரில் அதைப் போடச் சொல்லுங்கள். மிதக்கும். பிறகு தோலை உரித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். முங்கிவிடும். தோல் போனால் பழத்தின் எடை குறைகிறது. எடை குறைந்த பழம் ஏன் முங்குகிறது? பழத்தின் தோலுக்குள் நிறையக் காற்று இருக்கிறது. அந்தக் காற்றுதான் பழத்தை மிதக்க வைக்கிறது. விடையை உடனே சொல்லிவிட வேண்டாம். பிள்ளை கொஞ்சம் யோசிக்கட்டும்.

எட்டு, ஒன்பது வயதுக்கு மஞ்சள் தூள். வெள்ளைத் துணியில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காய வைக்க வேண்டும். அதன் மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும். அதே இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். இது தாய்மார்களுக்குப் புதிது இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகிறதே, அதே சங்கதிதான். சுண்ணாம்பும் சோப்பும் காரப் பொருள்கள். எலுமிச்சை அமிலம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அமிலம் பட்டால் பழைய நிறம் திரும்பும். வீட்டில் உள்ள புளித் தண்ணீர், சோடா உப்பு, தயிர் எல்லாவற்றையும் பிள்ளை இப்படிச் சோதிக்கலாம். எது சிவக்கிறது, எது சிவக்கவில்லை என்று நோட்டில் எழுத வேண்டும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெங்களூரே ஒரு கேள்வியைத் தருகிறது. அது தண்ணீர்.

இந்த ஊரில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று காவேரித் தண்ணீர். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்பு வைத்து மேடேற்றிக் கொண்டு வருகிறார்கள். 1974இல் முதல் கட்டம் வந்தது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. மற்றொன்று போர்வெல் தண்ணீர். 2024 கோடையில் பல போர்வெல்கள் வற்றிப் போயின. குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அது மறக்காது.

போர்வெல் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேக நேரமாகிறது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். இது வெறும் பேச்சா, உண்மையா? பிள்ளை அளந்து பார்க்கட்டும்.

ஒரே அளவான மூன்று கண்ணாடிப் பாட்டில்கள் வேண்டும். ஒன்றில் அரை டம்ளர் காவேரித் தண்ணீர். இன்னொன்றில் அரை டம்ளர் போர்வெல் தண்ணீர். மூன்றாவதில் அரை டம்ளர் கேன் தண்ணீர். மழை பெய்தால் மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. குளியல் சோப்பைச் சீவி, கொஞ்சம் கேன் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். துணி துவைக்கும் பவுடர் உதவாது. அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்துவிடும்.

இப்போது ஒரு பாட்டிலில் ஒரு சிறிய ஸ்பூன் சோப்புக் கரைசல் விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். நுரை ஒரு நிமிடம் நிற்கிறதா? நிற்காவிட்டால் இன்னும் ஒரு ஸ்பூன். நுரை நிற்கும் வரை எத்தனை ஸ்பூன் ஆயிற்று என்று எண்ண வேண்டும். மற்ற இரண்டுக்கும் இதே போல. ஸ்பூன், தண்ணீரின் அளவு, குலுக்கும் நேரம் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதில் ஏமாற்றினால் சோதனை கெட்டுவிடும்.

பொதுவாகப் போர்வெல் தண்ணீருக்குத்தான் அதிக ஸ்பூன் ஆகும். பூமிக்குள் பாறை வழியாக ஊறி வரும்போது கால்சியம், மக்னீசியம் என்ற உப்புகள் அதில் கரைகின்றன. அவை சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரியாகிவிடும். அந்த உப்பு தீர்ந்த பிறகுதான் நுரை வரும். அதுவரை போட்ட சோப்பு வீண். ஒரு குடும்பத்துக்கு மாதம் எத்தனை சோப்பு கூடுதலாகச் செலவாகிறது என்று தாயும் பிள்ளையும் சேர்ந்தே கணக்குப் போடலாம். கண்காட்சியில் எந்த எரிமலையும் இந்தக் கணக்கைச் சொல்லாது.

போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்து மறுபடி சோதித்தால் ஸ்பூன் கணக்கு குறையலாம். கொதிக்கும்போது ஒரு பகுதி உப்பு அடியில் படிந்துவிடுகிறது. கொதிக்க வைக்கும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நன்றாக நுரைக்கும் தண்ணீர் எல்லாம் குடிக்க ஏற்றது என்று நினைக்கக் கூடாது. நோய்க்கிருமி இருக்கிறதா என்று நுரை காட்டாது. குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சத்தான் வேண்டும்.

செலவே இல்லாத சோதனையும் ஒன்று உண்டு. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு வைக்க வேண்டும். நண்பகல் பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். மிகக் குட்டையான நிழல்தான் அன்றைய உச்சி நிழல். அதை ஸ்கேலால் அளந்து, தேதியோடு எழுத வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. நிழலை மட்டும் பார்த்தால் போதும்.

வாரம் ஒரு முறை அளந்தால் போதும். பிப்ரவரியில் நிழல் வடக்கே விழும். வாரா வாரம் குறைந்துகொண்டே வரும். ஏப்ரல் 24 வாக்கில், பன்னிரண்டே காலுக்குச் சற்றுப் பின், பெங்களூரில் குச்சிக்கு நிழலே இருக்காது. சூரியன் அப்போது நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பிறகு உச்சி நிழல் தெற்கே திரும்பும். டில்லியில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் இதைப் பார்க்க முடியாது. டில்லி மிகவும் வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை.

ஏப்ரலில் மேகம் மறைத்துவிட்டால் குச்சியைப் பிடுங்க வேண்டாம். ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும்.